நீச்சல் குளத்தில் ஓடாமல் கிடக்கும் குழாய் லைன்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

வீட்டு நீச்சல் குளம் கட்டிச் சில வருடங்கள் ஆனதுமே பம்ப் அருகில் யாரும் தொடாத ஒன்றிரண்டு வால்வுகள் சேர்ந்துவிடும். கையால் சுத்தம் செய்யப் போட்ட வேக்யூம் லைன், கழற்றிவிட்ட சோலார் ஹீட்டருக்குப் போன இரட்டைக் குழாய், பூஸ்டர் பம்ப் போன பிறகு எஞ்சிய கிளீனர் லைன், ஓடாத அருவி, மூடி வைத்த மெயின் டிரெயின் (குளத்தின் அடியில் உள்ள வடிகால்) என்று ஒவ்வொரு குளத்திலும் ஏதாவது ஒன்று இருக்கும். வால்வைத் திருப்பி மூடியதோடு வேலை முடிந்ததாக நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பம்ப் பக்கம் மூடியிருந்தாலும் குளத்துப் பக்க வாய் திறந்தே இருக்கிறது. உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதிலுள்ள குளோரின் தீர்ந்துபோகிறது. மண்ணுக்குள் குழாய் விரிசல் விட்டிருந்தால், வால்வு மூடியிருந்தும் குளத்து நீர் அந்த வழியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் ஒவ்வொரு லைனுக்கும் இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். ஒன்று, வாரம் ஒருமுறையாவது அதில் தண்ணீர் ஓட வேண்டும். இல்லையென்றால் இரண்டு முனைகளையும் அடைத்து அதை முழுதாக விலக்கிவிட வேண்டும். கீழே சொல்லப்படும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவில் விட்ட லைன்களிலிருந்து வருபவை.

தொடங்கும் முன்: எது எந்த லைன்?

பெயர் தெரியாத வால்வைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கும்போது குளத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. சோதனைக்காக மற்ற சக்ஷன் லைன்களை (குளத்திலிருந்து பம்புக்கு நீர் இழுக்கும் குழாய்கள்) மூடினால், திறந்திருக்கும் ஒரே துவாரத்தில் பம்பின் முழு இழுப்பும் விழும். 20 செ.மீ. விட்டமுள்ள துவாரத்தை உடல் முழுதாக மூடிக்கொண்டு, உள்ளே அரை வளிமண்டல அளவுக்கு வெற்றிடம் உண்டானால், சுமார் 160 கிலோ எடைக்குச் சமமான விசை அந்த உடலைப் பிடித்து வைக்கும். பெரியவர்களாலும் தங்களை விடுவித்துக்கொள்ள முடியாது.

மறுபக்கம் இன்னொரு விதி: பம்ப் ஓடும்போது எல்லா ரிட்டர்ன் வால்வுகளையும் (ஃபில்டரிலிருந்து குளத்துக்கு நீர் திரும்பும் வழிகள்) ஒரே நேரத்தில் மூடவே கூடாது. நீர் போக வழியில்லாமல் ஃபில்டர் தொட்டியில் அழுத்தம் ஏறும். மல்டிபோர்ட் வால்வின் (ஃபில்டரில் நீர் போகும் வழியை மாற்றும் வால்வு) கைப்பிடியைத் திருப்பும் முன்பும் பம்பை நிறுத்திவிடுங்கள்.

ரிட்டர்ன் லைனைக் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு வால்வாகத் திறந்து, குளத்துச் சுவரின் எந்த வாயில் நீர் தள்ளுகிறது என்று கை வைத்துப் பார்த்தால் போதும். எங்கே போகிறது என்றே தெரியாத குழாய்க்கு, பம்பை நிறுத்தி, அதன் யூனியனை (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) கழற்றி, தோட்டத்து ஹோஸால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். வழியில் காற்று இருந்தால் குளத்தில் குமிழி வரும் இடம் மறு முனை. கண்டுபிடித்தவுடன் வால்வில் அழியாத மையால் எழுதி வையுங்கள்.

அறிகுறி: வால்வைத் திறந்ததும் பச்சையாக, கறுப்பாக ஏதோ வருகிறது

முதலில் ஒரு துணுக்கை விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

வழவழவென்று பச்சையாகவோ பழுப்பாகவோ கரைந்தால், குழாயின் உட்சுவரில் படிந்த பாசியும் நுண்ணுயிர்ப் படலமும். நனைந்த டிஷ்யூ தாள் கிழிந்தது போல வெள்ளையாக மிதந்தால், குளோரின் எட்டாத குழாய்களில் வளரும் வெள்ளைப் பூஞ்சைப் படலம். இவை இரண்டுக்கும் மருந்து ஒன்றே. கறுப்பாக, ரப்பர் போல இழுபட்டால் வால்வுக்குள் இருக்கும் சீலோ ஓ-ரிங்கோ சிதைகிறது. வால்வைத் திறந்து மாற்றுங்கள். வெள்ளையாக, நறநறவென்று உடைந்தால் கால்சியப் படிவு. மண்ணும் நூல் போன்ற வேர்களும் வந்தால் விஷயம் வேறு: நிலத்துக்குள் குழாய் உடைந்திருக்கிறது. அந்த லைனை உடனே மூடிவிட்டு, நீர்மட்டம் குறைவதைப் பற்றிய பகுதிக்குப் போங்கள். ஃபில்டர் மணல் மட்டும் ரிட்டர்னில் வந்தால் லைனில் குற்றமில்லை. மணல் ஃபில்டரின் அடியில் நீரை வடித்து எடுக்கும் லேட்டரல் குழாய் உடைந்திருக்கும்.

படலம் என்று உறுதியானால், அது சக்ஷன் லைனா ரிட்டர்ன் லைனா என்பதைப் பொறுத்து வழி மாறும்.

சக்ஷன் லைன் என்றால் அழுக்கைக் குளத்துக்குள் விடாமலே வெளியேற்றலாம். பம்பை நிறுத்தி, மல்டிபோர்ட் வால்வை வேஸ்ட் நிலைக்கு (நீரை ஃபில்டருக்கு விடாமல் வெளியே தள்ளும் நிலை) மாற்றி, அந்த லைனை மட்டும் திறந்து பம்பைப் போடுங்கள். 2 அங்குல பிவிசி குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 2.2 லிட்டர் கொள்ளும், ஒன்றரை அங்குலக் குழாய் 1.3 லிட்டர். 25 மீட்டர் நீளமுள்ள 2 அங்குல லைனில் இருப்பது 55 லிட்டர்தான். நிமிடத்துக்கு 150 லிட்டர் இழுக்கும் பம்ப் அதை அரை நிமிடத்துக்குள் காலி செய்துவிடும். ஆனால் தேங்கிய நீர் போனாலும் சுவரில் ஒட்டிய படலம் போகாது, ஆகவே இரண்டு மூன்று நிமிடமாவது ஓடட்டும். கார்ட்ரிட்ஜ் ஃபில்டரில் வேஸ்ட் நிலை இருக்காது. அங்கே அழுக்கு ஃபில்டரில்தான் சிக்கும், வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜைக் கழுவிவிடுங்கள்.

ரிட்டர்ன் லைனில் இருப்பது குளத்துக்குத்தான் வரும். அதனால் முதலில் குளத்தின் குளோரினை ஷாக் அளவுக்கு (பாசியைக் கொல்லும் உயர்ந்த அளவு; கணக்கு அடுத்த பகுதியில்) உயர்த்தி, பிறகு லைனைத் திறப்பதே முறை. அந்த லைன் முழுதாகத் திறந்ததும் மற்ற ரிட்டர்ன்களைப் பாதி மூடினால் வேகம் கூடிப் படலம் பிய்ந்து வரும். வாயில் மெல்லிய வலைப்பையைக் கட்டினால் பெரிய துணுக்குகள் அதில் நிற்கும்.

தேங்கிய லைனுக்குள் குளோரின் மாத்திரையைப் போட்டு மூடி வைப்பதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள். மூடிய குழாயில் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும். டிரைகுளோர் மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும்.

அறிகுறி: குளத்தைச் சுத்தம் செய்தும் பாசி திரும்பத் திரும்ப வருகிறது

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்த இரண்டே வாரத்தில் மறுபடி மங்கினால், ஓடாத லைனைச் சந்தேகப்பட வேண்டும். உறுதிசெய்ய இரவு நேர குளோரின் இழப்பைப் பாருங்கள். சூரியன் மறைந்த பிறகு ஒருமுறையும் உதிக்கும் முன் ஒருமுறையும் ஃப்ரீ குளோரினை (கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின்) அளவிட வேண்டும். வெயில் இல்லாத நேரத்தில் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் குறைந்தால் ஏதோ ஓர் உயிர்ப்பொருள் அதைத் தின்கிறது. நிறம் பார்த்து ஊகிக்கும் பட்டைகள் இந்த அளவு நுணுக்கத்துக்குப் போதாது. சொட்டு எண்ணிப் பார்க்கும் டெஸ்ட் கிட் தேவை.

ஷாக் செய்யும்போது எத்தனை பிபிஎம் என்பது குளத்தில் உள்ள சயனூரிக் அமிலத்தை (வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் பொருள்) பொறுத்தது. அதன் 40 சதவீதத்தை இலக்காகக் கொள்ளலாம்: சயனூரிக் அமிலம் 30 என்றால் ஃப்ரீ குளோரின் 12, 40 என்றால் 16. ஒரு கன மீட்டர் நீரில் குளோரினை 10 பிபிஎம் உயர்த்த 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மில்லி வேண்டும். 50 கன மீட்டர் குளத்துக்கு 5 லிட்டர். ஒரே நாளில் ஊற்றிவிட்டு முடித்துக்கொள்வதில் பயனில்லை. இரவு இழப்பு 1 பிபிஎம்முக்குள் அடங்கி, கம்பைண்டு குளோரின் (அழுக்கோடு சேர்ந்து வலுவிழந்த குளோரின்) 0.5க்கு மேல் இல்லாமல், தண்ணீரும் தெளியும்வரை அந்த அளவை விடாமல் பிடித்து நிறுத்த வேண்டும்.

அந்த நாட்கள் முழுதும் எல்லா லைன்களும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் பலர் தவறவிடும் இடம். அருவி லைன், ஸ்பா லைன், வேக்யூம் லைன் எல்லாவற்றிலும் அந்த நீர் ஓடட்டும். மூடிய ஒரு லைனில் பிழைத்த பாசி, அடுத்த முறை யாரோ வால்வைத் தொட்டதும் குளம் முழுதும் பரவும். ஸ்கிம்மரில் (நீர்ப்பரப்புக் குப்பையை இழுக்கும் சுவர் வாய்) பம்புக்குப் போகும் துளை தவிர இன்னொரு துளை இருந்தால், அதன் வழியான குழாயையும் மறந்துவிடாதீர்கள்.

எந்த லைன் குற்றவாளி என்று தெரிய வேண்டுமா? சோதனையில் குளம் தேறிய பிறகு, ஷாக் நாட்களில் திறக்காமல் விட்டுப்போன லைனை ஒரு மணி நேரம் ஓட விட்டு, அன்றிரவே இழப்பை மறுபடி அளவிடுங்கள். 1 பிபிஎம்மைத் தாண்டினால் அதுதான்.

அதன் பிறகும் அந்த லைனை வைத்துக்கொள்வதென்றால் வாரம் ஒருமுறை 15 நிமிடம் ஓட வேண்டும். ரிட்டர்ன் லைன்களுக்கு இதைவிடச் சுலபமான வழி, மூவழி வால்வை முழுதாக மூடாமல் சிறு கசிவு ஓட்டம் எப்போதும் இருக்கும்படி விடுவது. ஆள் மறந்தாலும் நீர் மறக்காது.

அறிகுறி: பம்ப் கூடையில் காற்றுக் குமிழிகள்

குறிப்பிட்ட ஒரு லைனைத் திறக்கும்போது மட்டும் குமிழி வந்தால், காற்று அந்த லைனில்தான் நுழைகிறது. மூடியிருக்கும்போதும் வந்தால், வால்வின் தண்டில் இருக்கும் ஓ-ரிங், பம்ப் மூடியின் ஓ-ரிங், பம்பின் முகப்பு மரை இணைப்பு ஆகியவற்றை அந்த வரிசையில் பாருங்கள். சோப்பு நுரையை இணைப்பில் தடவிப் பார்த்தால், பம்ப் ஓடும்போது நுரை உள்ளிழுக்கப்படும் இடம் ஓட்டை. ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள். பெட்ரோலிய ஜெல்லி ரப்பரை ஊதிப் பெருக்கிக் கெடுத்துவிடும்.

நீண்ட நாள் மூடியிருந்த சக்ஷன் லைனுக்குள் தண்ணீரே இல்லாமல் இருக்கலாம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சட்டென்று திறந்தால் ஒரு பெரிய காற்றுத் திரள் பம்புக்குள் வந்து பிரைம் (பம்புக்குள் நீர் நிரம்பி இருக்கும் நிலை) போய்விடும், மீதி ஃபில்டர் தொட்டியில் அடைபடும். அழுத்தத்தில் இருக்கும் காற்று தொட்டி மூடியைத் தெறிக்க வைக்கும் சக்தியுள்ளது. பம்பை நிறுத்தி, ஃபில்டர் மேலுள்ள காற்று வால்வைத் திறந்து, லைனை ஹோஸால் நிரப்பி, பிறகு வால்வைக் கால் பங்கு மட்டும் திறந்து பம்பைப் போடுங்கள். காற்று வால்வில் தண்ணீர் சீராக வந்ததும் அதை மூடிவிடலாம்.

அறிகுறி: நீர்மட்டம் காரணமில்லாமல் குறைகிறது

முதலில் ஆவியாதலைக் கழித்துவிடுங்கள். ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிப் படியில் வைத்து, வாளிக்கு உள்ளும் வெளியும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். 24 மணி நேரம் பம்பை ஓட்டிப் பார்த்து, மறுநாள் 24 மணி நேரம் நிறுத்தியும் பாருங்கள். இரண்டு குறிகளும் ஒரே அளவு இறங்கினால் வெறும் ஆவி. குளம் அதிகம் இறங்கினால் கசிவு. பம்ப் ஓடும்போது கூடுதலாக இறங்கினால் ரிட்டர்ன் பக்கம், நிறுத்தியபோது கூடுதலாக இறங்கினால் சக்ஷன் பக்கம் என்று ஊகிக்கலாம். 8 மீட்டருக்கு 4 மீட்டர் குளத்தில் 1 செ.மீ. என்பது 320 லிட்டர் என்பதை நினைவில் வையுங்கள்.

குளத்தைக் கொஞ்ச நாள் நிரப்பாமல் விட்டால், இறங்குவது ஓரிடத்தில் நின்றுவிடுவதும் உண்டு. ஸ்கிம்மர் வாயின் அடியில் நின்றால் ஸ்கிம்மரும் அதன் குழாயும், ரிட்டர்ன் வாய் மட்டத்தில் நின்றால் ரிட்டர்ன் லைன்கள், வேக்யூம் பாயிண்ட் மட்டத்தில் நின்றால் அந்த லைன். ஸ்கிம்மருக்குக் கீழே இறங்கும் முன் பம்பை நிறுத்திவிடுங்கள்.

அடுத்து பிரஷர் டெஸ்ட். சந்தேகமுள்ள லைனின் குளத்து வாயை ரப்பர் விரிவு பிளக்கால் அடைத்து, பம்ப் பக்க முனையில் கேஜ் பொருத்திய பிளக்கை வைத்து, தண்ணீரால் நிரப்பி 10 முதல் 15 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். 20ஐத் தாண்ட வேண்டாம். 15 முதல் 30 நிமிடம் முள் நிலையாக நின்றால் லைன் நல்லது. மெதுவாக இறங்கினால் முதலில் பிளக்குகளையே சந்தேகப்பட்டு இறுக்கி மறுபடி பாருங்கள். அழுத்தக் காற்றால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்; பிளக் நழுவினால் குண்டு போலப் பாயும். எந்தச் சோதனையிலும் பிளக்குக்கு நேர் எதிரே நிற்காதீர்கள்.

கசிவது ஓடாத லைன் என்று தெரிந்தால் அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தளத்தை உடைக்க வேண்டாம், மண்ணைத் தோண்ட வேண்டாம். குளத்து வாயை அடைத்த அன்றே இழப்பு நின்றுவிடும். பம்ப் பக்க வால்வை மட்டும் மூடுவதால் பயனில்லை, ஏனென்றால் உடைப்பு குளத்துக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கிறது.

அறிகுறி: ஒரு லைனை மூடியதிலிருந்து பம்ப் கரகரக்கிறது

கூழாங்கல்லை உருட்டுவது போன்ற சத்தம் கேட்டால், பம்புக்குத் தேவையான நீர் சக்ஷன் பக்கம் கிடைக்கவில்லை. சக்ஷன் குழாயில் நீரின் வேகம் நொடிக்கு 1.8 மீட்டருக்குள் இருப்பது நல்லது. அந்த வேகத்தில் 2 அங்குலக் குழாய் நிமிடத்துக்குச் சுமார் 230 லிட்டர் தரும், ஒன்றரை அங்குலக் குழாய் 140 லிட்டர்தான். மெயின் டிரெயினின் 2 அங்குல லைனை மூடிவிட்டு, ஒன்றரை அங்குல ஸ்கிம்மர் லைன் ஒன்றை மட்டும் நம்பினால் பம்ப் திணறுவதில் ஆச்சரியமில்லை. வேகம் மாற்றக்கூடிய பம்ப் என்றால் வேகத்தைக் குறையுங்கள். இல்லையென்றால் அந்த லைனை மூடும் எண்ணத்தை மறுபடி யோசியுங்கள்.

ரிட்டர்ன் லைனை மூடிய பிறகு ஃபில்டர் கேஜ் கொஞ்சம் ஏறுவது இயல்பு. அந்தப் புதிய அளவைச் சுத்தமான ஃபில்டரின் தொடக்க அளவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இரவில் ஸ்பா காலியாகிறது, அல்லது மூடிய அருவி சொட்டுகிறது

மூவழி வால்வோ செக் வால்வோ (நீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) முழுதாக அடையவில்லை. செக் வால்வைத் திறந்து, கதவில் சிக்கிய இலையையோ கல்லையோ எடுத்துவிட்டு மூடினால் பெரும்பாலும் தீரும். மூவழி வால்வுகளின் டைவர்ட்டர் (உள்ளே திரும்பி வழியை அடைக்கும் பகுதி) தேய்ந்திருந்தால் சீலை மாற்ற வேண்டும். புதிதாக இருந்தாலும் அவை சொட்டுக்கூட விடாமல் அடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிரந்தரமாக நிறுத்த வேண்டிய லைனை வால்வை நம்பி விடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிகுறி: சோலார் லைனில் விரிசல்

இரு பக்கமும் வால்வு மூடி நடுவில் தண்ணீர் அடைபட்ட குழாய் வெயிலில் சூடேறும்போது நீர் விரிந்து இணைப்புகளைத் தள்ளும். சாதாரண பிவிசி 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது, கூரையில் கிடக்கும் குழாய் அந்த அளவை நெருங்கும். பனி உறையும் இடத்தில் தொல்லை எதிர்த்திசையில் வரும்: நீர் உறையும்போது பருமன் 9 சதவீதம் கூடிக் குழாயைப் பிளக்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான். ஓடாத சோலார் லைனில் தண்ணீரை வடித்து, தாழ்வான இடத்தில் உள்ள வடிகால் வால்வைத் திறந்தே வையுங்கள். மண்ணுக்குள் இருக்கும் பகுதியைக் குறைந்த அழுத்த ஊதியால் ஊதிக் காலி செய்யலாம். உறைவு தடுப்பு திரவம் ஊற்றுவதென்றால் குளத்துக்கென்று விற்கும் புரொப்பிலீன் கிளைக்கால் மட்டும். கார்களுக்கான எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

இரு முனையும் அடைப்பது

குளத்து முனையிலிருந்து தொடங்குங்கள். ரிட்டர்ன் வாயில் உள்ள உருண்டை முகப்பைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் ஒன்றரை அங்குல மரை இருக்கும். ஓ-ரிங் உள்ள மரை பிளக்கைக் கையால் இறுக்கி, மேலும் கால் சுற்றுத் திருப்பினால் போதும். ஓ-ரிங் இருப்பதற்கு டெஃப்லான் டேப் வேண்டாம். மரை இல்லாத வாய்க்கு ரப்பர் விரிவு பிளக் பொருந்தும். அதன் திருகு துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ரப்பர் சில வருடங்களில் இறுகிவிடும், ஆண்டுதோறும் தொட்டுப் பாருங்கள். வேக்யூம் பாயிண்ட் ஓடாவிட்டாலும் அதன் வாயைப் பிளக் போட்டு அடையுங்கள். யாரோ ஒருநாள் வால்வைத் திருப்பினால் அந்தத் துவாரம் கையையும் முடியையும் இழுக்கும். ஓடும் லைன் என்றால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் மூடி கட்டாயம்.

பம்ப் முனையில், குழாயை டீ இணைப்புக்கு அருகிலேயே வெட்டி மூடி ஒட்டுங்கள். ஆனால் பின்னாளில் ஒரு கப்ளிங் போட இடம் வேண்டும் என்பதால் 5 செ.மீ.யாவது விடுங்கள். அதைவிட ரொம்ப நீளமாக விட்டால் அதுவே புதிய தேக்கமாகிவிடும். வெட்டிய விளிம்பின் பிசிறை நீக்கி, பிரைமர், பிறகு சால்வென்ட் சிமென்ட் தடவி, கால் சுற்றுத் திருப்பி உள்ளே தள்ளி 30 நொடி பிடித்திருங்கள். முழு அழுத்தம் கொடுக்க 24 மணி நேரம் பொறுப்பது பாதுகாப்பு. சக்ஷன் பக்கத்தில் மரை பிளக்கைவிட ஒட்டிய மூடியே மேல், ஏனென்றால் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பம்ப் அதன் வழியே காற்றை இழுக்கும். உறைபனி வரும் இடத்தில் லைனை ஊதிக் காலி செய்த பிறகே இரண்டாம் முனையை மூட வேண்டும்.

மெயின் டிரெயினைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். அதன் மூடி உடைந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ சரிசெய்யும்வரை குளத்தில் யாரையும் இறங்க விடாதீர்கள். லைனை விலக்குவதென்றால், அதன் குழிக்குள் நிலத்தடி நீர் அழுத்தத்தை விடுவிக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் வால்வு இருக்கலாம். பம்புக்குப் போகும் குழாயை மட்டும் அடைத்து, அந்த வால்வைத் தொடாமல் விடுங்கள். இந்த வேலைக்காகக் குளத்து நீரை இறைத்துக் காலி செய்ய வேண்டாம். நிலத்தடி நீர் உயர்ந்திருந்தால் வெற்றுத் தொட்டி மண்ணிலிருந்து மேலெழும்பும், வினைல் லைனர் சுருங்கிக் கிழியும். நீருக்கடியில் வேலை செய்யத் தெரிந்தவரை வைத்தே பிளக் போடலாம். அந்த நேரம் பம்பின் மின்சாரம் பிரேக்கரிலேயே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு ஸ்கிம்மர் மட்டுமே நீர் எடுக்கும் வழி என்பதால், நீர்மட்டத்தை எப்போதும் ஸ்கிம்மர் வாயின் நடுவில் நிறுத்துங்கள்.